மோன் பேர் என்றால் யார்?

வேலை முடிந்து வந்து வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம், எங்கள் வீடு மூன்றாம் மாடி. உள்ளே வந்தவுடன் முதல் அறை என் மகளுடையது. கதவு சாத்தியிருந்தது. அவள் கூட்டாளி ஒருத்தியுடன் தொலைபேசியில் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தாள். அவள் பிரெஞ்சில் கதைத்தால் எனக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரித்தான் இருக்கும். ஒன்றும் பிரியாது. இடைக்கிடை ஒரு சொல் மட்டும் கல் விழுந்த மாதிரித் தனியாகக் கேட்கும். அன்றைக்கு விழுந்த கல், "மோன் பேர்."

இதைக் கேட்கிற பிள்ளைகளே, இங்கே படித்த உங்களுக்குப் பிரெஞ்சு தெரியும். இப்போதே சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சொல் எனக்கு எங்கே பழக்கம் என்று முதலில் சொல்கிறேன்.

நான் புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்கிறேன். விடிய முதல் வான் வண்டியில் பால், மா, தகரச் சாமான்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டுபோய் முதியோர் இல்லங்களின் குசினிகளில் இறக்க வேண்டும். அந்த இல்லங்களில் ஒன்று ஓய்வுபெற்ற பாதிரியார்களுடையது. அங்கே சமைக்கிற பெண்ணிலிருந்து தரை துடைக்கிற ஆள் வரைக்கும் அந்தக் கிழவர்களைக் கண்டால் "போன்ஜூர், மோன் பேர்" என்பார்கள். பல வருடங்களாக அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு "மோன் பேர்" என்றால் தடியூன்றிய, வெள்ளைக் கழுத்துப்பட்டி போட்ட ஒரு பாதிரியார்தான்.

வந்த புதிதில் பிரெஞ்சு வகுப்பில் "பேர்" என்றால் தகப்பன் என்று படித்ததும் உண்மைதான். ஆனால் வகுப்பில் படித்த சொல் வேறு, காதில் ஊறிய சொல் வேறு. நாங்கள் தமிழில் கதைக்கும்போது "ஃபாதர்" என்றால் யாராவது தன் தகப்பனை நினைக்கிறோமா? அங்கி போட்டவரைத்தானே நினைக்கிறோம். எங்கள் வீட்டில் நான் அப்பா. மகள் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போன நாளிலிருந்து பிரெஞ்சில் கதைத்தாலும் "மோன் அப்பா" என்றுதான் சொல்லுவாள். ரீச்சர் திருத்தியும் திருந்தாத பிள்ளை. ஆகவே அவள் "மோன் பேர்" என்றபோது, அது நானாக இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

எங்கள் கட்டடத்தில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். கீழ்மாடியில் இருந்த குடும்பம் ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, தங்கள் சாமிப்படங்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு எங்கள் வாசலில் வைத்துவிட்டு வீடு மாறிப் போனது. எறிய மனமில்லாமல் என் மனைவி அவற்றையும் எங்கள் படங்களோடு மாட்டினாள். இப்போதும் எங்கள் சாமித்தட்டில் இரண்டு பிள்ளையார், இரண்டு முருகன். அவர்கள் போனது அவர்கள் விருப்பம். அதில் எனக்கு ஒன்றுமில்லை. என் பயம் வேறு. பள்ளிக்கூடத்தில் பென்சில் துலைந்ததைக்கூட என்னிடம் வந்து சொன்ன பிள்ளை, சமயம் மாறுகிற இவ்வளவு பெரிய விஷயத்தை எனக்கு மறைக்கிறாளோ என்பதுதான். அவள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பொறுத்துக்கொள்வேன் என்று நினைத்தேன். என்னிடம் சொல்லாமல் கும்பிடுவதைப் பொறுக்க முடியாது போலிருந்தது.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் அடையாளம்தான்.

முதலில் அவளுடைய சுவரில் ஒரு படம் வந்தது. ஒரு மண்டையோடு, இரண்டு பக்கமும் பறவைச் செட்டை.

"உதென்ன பிள்ளை, மண்டையோட்டுக்குச் செட்டை முளைச்சிருக்கு?"

"கல்லறைக் கல்லு அப்பா. பழைய அமெரிக்காவில இப்பிடித்தான் செதுக்கினவை."

"அதை ஏன் படுக்கிற அறையில?"

"படிப்புக்கு. இந்த செமஸ்டர் அமெரிக்காவின்ர ஆரம்பகாலக் கவிதை எடுத்திருக்கிறன்."

"அமெரிக்காவில கவிதையும் இருக்கோ?"

"ஏன், அவைக்கு வாயில்லையோ?"

பிறகு அறைக்குள்ளே முணுமுணுப்பு. இங்கிலிஷில், திரும்பத் திரும்ப ஒரே வரி. இடையில் "லோர்ட்" என்று கேட்டது. "சின்" கேட்டது. "ஹெல்" கேட்டது. என் கிடங்கு இங்கிலிஷுக்கு அந்தச் சொற்கள் போதும். முணுமுணுப்போடு மேசையில் விரலால் தட்டுகிற சத்தம். நான்கு தட்டு, கொஞ்சம் நிறுத்தி மூன்று தட்டு, பிறகும் நான்கு, பிறகும் மூன்று. பஜனையில் தாளம் போடுகிற மாதிரி. சப்பாத்துக் கயிறு அவிழ்க்க எனக்கு முன்னர் ஒரு நிமிஷம் போதும். அந்த மாதம் கயிறு அவிழ நெடுநேரம் எடுத்தது.

"என்னப்பா, வாசலிலயே குடியிருக்கப் போறீங்களோ? தேத்தண்ணி ஆறுது" என்று மனைவி குசினியிலிருந்து கூப்பிடுவாள். நான் வாயில் விரல் வைத்துக் காட்டுவேன். "விசர்" என்று அவள் வாயசைப்பில் தெரியும்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து மகளைக் கேட்டேன். "அது என்ன கவிதை பிள்ளை, எந்நேரமும் சாமியும் நரகமுமாய்க் கிடக்கு?"

அவள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். அவள் சொன்னதில் எனக்கு விளங்கினதை உங்களுக்குச் சொல்கிறேன். படித்த ஆட்கள் இன்னும் வடிவாகச் சொல்லுவார்கள்.

இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறியவர்களில் கனபேர் கடுமையான சமயக்காரர்கள். அவர்களுக்குப் பாட்டு என்றால் முதலில் சாமிப்பாட்டு. தங்கள் வேதத்தில் இருந்த பாட்டுகளை, எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய மாதிரி, அளவு பார்த்து ஒலி பொருத்தி இங்கிலிஷில் செய்துகொண்டார்கள். அந்தக் குடியேற்றங்களில் முதலில் அச்சான புத்தகங்களில் அப்படி ஒன்றும் இருந்தது. எல்லோரிடமும் புத்தகம் இருக்கவில்லை. ஒருவர் ஒரு வரியைச் சொல்ல, மற்றவர்கள் அதைப் பாடுவார்கள். பிறகு அடுத்த வரி.

"எங்கட கோயிலில தேவாரம் சொல்லிக் குடுக்கிற மாதிரி" என்றாள் மனைவி.

"ஓம் அம்மா, அதேதான். நாலு தட்டு, மூண்டு தட்டு. அந்த அளவில எதை எழுதினாலும் ஒரே மெட்டில பாடலாம்."

பாட்டு மட்டுமில்லை. வீடு எரிந்தால் அதற்கொரு கவிதை. பிள்ளை செத்தால் அதற்கொரு கவிதை. சிலந்தி வலை பின்னினாலும் கடவுள் அதில் தங்களுக்கு என்ன சொல்கிறார் என்று பார்த்து அதற்கும் ஒன்று. இதைக் கேட்டபோது எனக்கு அந்த ஆட்களை ஓரளவு பிடித்தது. அவர்களும் என்னைப் போலத்தான். ஒன்றையும் சும்மா விடமாட்டார்கள்.

குடியேறியவர்கள் நடுவில் ஒரு தாய் இருந்தாளாம். வீடு நிறையப் பிள்ளைகள். அந்த வேலைக்குள்ளேயும் எழுதினாள். அவளுடைய தங்கையின் புருஷன் அவளிடம் சொல்லாமலே அந்தக் கவிதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் அச்சுப் போட்டுவிட்டானாம்.

"சொல்லாமலோ?" என்றேன்.

"சொல்லாமல்தான் எண்டு சொல்லுகினம். சிலபேர் அதையும் நம்பேல்லை. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியாத மாதிரி இருந்திருப்பாள் எண்டுகினம்."

"நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்."

"நீங்கள் வேற எப்பிடி நினைப்பீங்கள்?" என்று மகள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அவை வாறதுக்கு முதலே அங்க இருந்த சனத்துக்கும் பாட்டு இருந்தது அப்பா. அதை அந்த நாளில ஒருத்தரும் அச்சடிக்கேல்லை. அதால ஆரம்பம் எண்டு எங்க கோடு போடுறது எண்டு ரீச்சரே கேட்டவ."

"சரி. இதெல்லாம் நீ நம்பிறியோ? இந்த நரகம், தீர்ப்பு நாள்?"

"படிக்கிறதெண்டால் நம்பவேணுமோ?"

அது பதில் இல்லை, கேள்வி. கேள்வியால் பதில் சொல்கிறவர்களை நான் எப்போதும் இன்னொருதரம் உற்றுப் பார்ப்பேன்.

வானில் என்னோடு வேலை செய்பவர் மன்னாரைச் சேர்ந்த ஒரு அண்ணை. கத்தோலிக்கர். அது தவக்காலம், ஈஸ்டருக்கு முன்னர் அவர்கள் பிடித்த ஒன்றை விட்டு நோன்பிருக்கிற நாட்கள். அவர் சிகரெட்டை விட்டிருந்தார், அதனால் நாள் முழுதும் கதைத்தார். அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"அண்ணை, உங்கட ஃபாதர்மார் கொலிஜுக்குள்ள வந்து பிள்ளையளைச் சேர்க்கிறவையோ?"

அவர் ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தார். "எட தம்பி, என்ர சொந்தப் பிள்ளையளைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாமல் நான் படுற பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். இதுக்குள்ள உன்ர பிள்ளையை ஆர் பிடிக்கப்போயினம்?"

"அவள் மோன் பேர் எண்டு கதைக்கிறாள். ஃபாதர் எண்டும் வருது. நேற்று சோல்ட், சோல்ட் எண்டு சொல்லிக்கொண்டு கிடந்தாள்."

"உப்போ?" அவர் யோசித்தார். "உப்பு எங்கட வேதத்திலயும் வருதுதான்."

"பாத்தீங்களோ!"

"எடேய், உப்பு உன்ர மனுசியின்ர கறியிலயும் வருது. அதுக்கு என்ன செய்யப்போறாய்?"

வான் எங்கள் தெருப்பக்கத் தேவாலயத்தைத் தாண்டியது. அதன் சுவரில் பெரிய துணி ஒன்று தொங்கியது. ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல். அது என்ன என்று கேட்டேன். "க்ருவார்" என்று வாசித்தார் அண்ணை. "நம்பிறது. விசுவாசம் எண்டு சொல்லுவம்."

அந்தச் சொல்லையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை மகள் இன்னொரு கதை சொன்னாள். இதை அவள் வழக்கம்போலச் சிரித்துச் சொல்லவில்லை. தானாக வந்து, என் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னாள். அதையே நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சின்னப் பெண்பிள்ளையைக் கப்பலில் கொண்டுவந்து பொஸ்டனில் விற்றார்கள். பால்பல் விழுகிற வயது. வாங்கிய வீட்டில் அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவள் வளர்ந்து இங்கிலிஷில் கவிதை எழுதத் தொடங்கினாள். நல்ல கவிதை. ஒரு அடிமைப் பெண் இதை எழுதியிருக்க முடியாது என்று சனம் சந்தேகப்பட்டது. கடைசியில் ஊர்ப் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டார்கள், இது இவளே எழுதியது என்று. அந்தக் கையெழுத்துகளையும் சேர்த்துத்தான் புத்தகம் வந்தது. அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில்.

"இதைப்பற்றி என்ன நினைக்கிறீங்கள் அப்பா?"

நான் அன்றைக்குக் களைப்பு. ஒரு இல்லத்தில் இறக்கிய பால்பெட்டி குறைகிறது என்று என்னோடு சண்டை பிடித்திருந்தார்கள்.

"கேக்கத்தானே வேணும் பிள்ளை" என்றேன். "கேட்டால் என்ன குறைஞ்சு போச்சு? எழுதினவள் எண்டால் எழுதிக் காட்டட்டும். உலகத்தில ஏமாத்துறவை இல்லையோ?"

மகள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாள் பாதிச் சாப்பாட்டோடு எழும்பினாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது திருநீறு பூசாமல் ஓடினாள்.

"வயித்துக்குள்ள ஏதோ சரியில்லையாம்" என்றாள் மனைவி.

எனக்கு அது வயிறு இல்லை. தவக்காலம். அண்ணை சிகரெட்டை விட்டார், இவள் சோற்றை விட்டாள். கணக்கு சரியாக வந்தது.

மறுநாள் பின்னேரம் வாசலில் குனிந்திருந்தபோது தொலைபேசியில் அவளுடைய குரல் அழுகிற மாதிரி இருந்தது. "மெர்க்கிருதி" என்றாள். புதன்கிழமை. "கத்ர் ஏர்" என்றாள். நான்கு மணி. பிறகு அந்த வசனம், இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்: "மோன் பேர் வா பா ம க்ருவார்."

மோன் பேர். க்ருவார். பாதிரியார், விசுவாசம், புதன்கிழமை, நான்கு மணி. இதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்?

புதன்கிழமை நான் அரைநாள் லீவு எடுத்தேன். மனைவிக்குச் சொல்லவில்லை. பார்க் மெட்ரோவில் ஏறி, இடையில் மாறி, மகளின் கொலிஜுக்குப் போனேன். அவள் வெளியே வருவாள், பின்னால் போய் எந்தச் சபை, எந்த வாசல் என்று பார்த்துக்கொள்வேன், பிறகு வீட்டில் வைத்துக் கதைப்பேன். இதுதான் திட்டம். முன்மண்டபத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். வேலை உடுப்பு, தொப்பி, ஸ்னோ கரையத் தெருவில் கொட்டுகிற உப்புப் படிந்த சப்பாத்து. பிள்ளைகள் என்னைச் சுற்றிப் போனார்கள். மகளைக் காணவில்லை.

பாதுகாப்பு வேலையில் நின்றவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்து, உதவி வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்வி உதவி செய்வதற்கு இல்லை, நீ யார் என்பதற்கு என்று எனக்குத் தெரியும். சந்தேகத்தில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் இருக்கிறதே.

"மா ஃபீய்" என்றேன். என் மகள். அவளுடைய பெயரையும் சொன்னேன்.

அவர் முகம் கொஞ்சம் இளகியது. பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அதில் "லெ பேர்" என்று வந்தது. நீங்கள் பாதிரியாரா என்று என்னைக் கேட்கிறார்! அப்படியென்றால் இந்த இடத்துக்குப் பாதிரியார் வருவது உண்மைதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நோன்! நோன்! பா லெ பேர்!" என்று கையை ஆட்டினேன். நான் பேர் இல்லவே இல்லை.

அவர் ஒரு அடி பின்னால் போனார். ஒரு பெண்பிள்ளையைத் தேடிவந்து தூணுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு ஆள், நான் அவளுடைய தகப்பன் இல்லை என்று சத்தம் போட்டுச் சொல்கிறான். இப்போது நினைத்தால், அவர் பொலிசைக் கூப்பிடாதது பெரிய விஷயம். அன்றைக்கு அவர் முகம் மாறியது ஏன் என்று விளங்காமல், "அப்பா, அப்பா, ஐ ஆம் அப்பா" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினேன். அது என்னுடைய பெயர் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கணினியில் பார்த்தார், யாருக்கோ தொலைபேசி எடுத்தார். பிறகு என்னைத் தனக்கு முன்னால் நடக்கவிட்டு மேல்மாடிக்குக் கூட்டிப்போனார்.

ஒரு சின்ன அறை. கதவு திறந்தது. உள்ளே ஒரு மேசை. ஒரு பக்கம் கண்ணாடி போட்ட ஒரு ரீச்சர். மற்றப் பக்கம் என் மகள், கையில் பேனை, முன்னால் ஒரு தாள். அங்கி போட்ட ஆள் ஒருவரும் இல்லை. மூலையில்கூடப் பார்த்தேன்.

பாதுகாப்புக்காரர் மகளிடம் என்னைக் காட்டிக் கேட்டார். இவரைத் தெரியுமா என்று கேட்டிருப்பார். மகள் பேனையைக் கீழே வைத்தாள். என் தொப்பியைப் பார்த்தாள், சப்பாத்தைப் பார்த்தாள். நான் ஏன் அங்கே வந்தேன் என்பதை அந்த நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"வீ" என்றாள், ஓம் என்று. "செ மோன் பேர்."

அவள் விரல் என்னைத்தான் காட்டியது. எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை.

பாதுகாப்புக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். ரீச்சர் எனக்கு ஒரு கதிரை காட்டினார். இங்கிலிஷில் மெதுவாகச் சொன்னார். விளங்காததை மகள் தமிழில் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

விஷயம் இதுதான். அந்தப் பழைய ஆட்கள் எழுதின அளவில், வீட்டில் இருக்கிற சாதாரண ஒரு பொருளைப் பற்றி ஒரு கவிதை எழுதச் சொல்லியிருந்தார்கள். மகள் எழுதிக் கொடுத்தது ரீச்சருக்கு நன்றாகப் பிடித்தது. அதுதான் பிரச்சினை. அதுவரை அவள் எழுதியதெல்லாம் சுமார். இந்தக் காலத்தில் மெஷினிடம் கேட்டால் ஒரு கவிதையை உடனே எழுதித் தருகிறதாம். ஆகவே, வந்து என் முன்னால் கொஞ்சம் எழுது என்று கூப்பிட்டிருந்தார். அது அவளுடையது இல்லை என்று முடிவானால் அந்தப் பாடம் போய்விடும். வேலைமாடு மாதிரிப் படித்த ஒரு செமஸ்டர் போய்விடும். அதைவிட, பொய்க்காரி என்ற பெயர் வரும்.

"எழுதினியோ?" என்று கேட்டேன்.

"எழுதினன். இப்பவும் எழுதியிருக்கிறன். ஆனா அவ பாத்துக்கொண்டிருக்க நல்லா வரேல்லை. அவவுக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வீட்டில ஆராவது உதவி செய்தவையோ எண்டு உங்களைக் கேக்கிறா. நீங்கள் இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. காணும்."

இல்லை என்று சொன்னேன். ரீச்சர் மரியாதையாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை எனக்குத் தெரியும். தகப்பன் வேறு எப்படிச் சொல்லுவான் என்கிற தலையசைப்பு. பால்பெட்டி எண்ணுகிறவர்கள் எனக்குத் தருவது அதுதான்.

மேசையில் அந்தக் கவிதை கிடந்தது. நான் அதை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். "சோல்ட்" என்ற சொல் அகப்பட்டது. அதற்கு முன்னால் "ஃபாதர்ஸ்." என் ஃபாதரின் உப்பு. எனக்குக் காது சுட்டது.

சொன்னால் மகளுக்குத் தெரிந்துவிடும். ஒரு மாதமாக அவளுடைய கதவடியில் நான் நின்றது, கயிறு அவிழ்க்கிற சாட்டில் ஒட்டுக்கேட்டது, எல்லாம். சொல்லாவிட்டால் ரீச்சரின் தலையசைப்போடு எல்லாம் முடிந்துவிடும்.

"ஐ ஹியர்" என்றேன் ரீச்சரிடம். "டோர். ஐ ஸ்டாண்ட் டோர். எவ்ரிடே."

மகள் தலையை நிமிர்த்தினாள்.

எனக்கு வந்த இங்கிலிஷில் சொன்னேன். முதலில் அவள் "வைட் சோல்ட்" என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டு மூன்று நாள் அது. பிறகு "பிற்றர் சோல்ட்", கசப்பு உப்பு. அது அவளுக்குப் பிடிக்கவில்லை, மேசையில் அடித்தாள். பிறகுதான் "ஃபாதர்ஸ் சோல்ட்" வந்தது. அதற்குப் பிறகு மாற்றவில்லை. சொல்லும்போதே என் விரல் மேசையில் தட்டியது: நான்கு, மூன்று, நான்கு, மூன்று. கடைசியில் "ஹெல்" என்று ஒரு வரி இருந்தது, அதைக் கனநாள் சொன்னாள் என்றேன். ரீச்சர் தாளைப் பார்த்தார். அந்த வரி அதில் இல்லை.

"அதை வெட்டிட்டன் அப்பா" என்றாள் மகள். "அது எனக்கே பொய் மாதிரி இருந்தது."

ரீச்சர் அவளிடம் அந்த வரியைச் சொல்லச் சொன்னார். மகள் சொன்னாள். நான் கேட்ட அதே சத்தம், அதே ஏற்ற இறக்கம். நான் தலையை ஆட்டினேன். ரீச்சர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷின் எழுதித் தந்திருந்தால், வெட்டின வரியை ஒருவரும் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்க முடியாது என்று அவர் யோசித்திருப்பார். பிறகு சிரித்தார். தாளின் மேலே ஏதோ எழுதினார், மகளிடம் நீட்டினார்.

"இது என்ரதுதான் எண்டு ஒத்துக்கொண்டிட்டா" என்றாள் மகள். "நீங்கள் நல்லாக் கேக்கிறீங்களாம். எத்தினை நாளாக் கதவடியில நிண்டனீங்கள்?"

"அதையும் ரீச்சரோ கேக்கிறா?"

"இல்லை. அது என்ர கேள்வி."

மெட்ரோவில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தோம். அவள் கண்ணாடியில் வெளி இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் அந்தக் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி மாறிய பிறகு கேட்டேன்.

"மோன் பேர் வா பா ம க்ருவார் எண்டால் என்ன பிள்ளை?"

அவள் திடுக்கிட்டாள். பிறகு அதை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்று கேட்டாள். பாதிரியார், விசுவாசம், தவக்காலம், கீழ்மாடிச் சாமிப்படம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்பா என்னை நம்பமாட்டார்" என்றாள். "அதுதான் அதின்ர கருத்து."

"அப்பா எண்டே சொல்லியிருக்கலாமே. நீ பிரெஞ்சிலயும் அப்பா எண்டுதானே சொல்லுறனீ."

"கோவமெண்டால் மோன் பேர்" என்றாள். "அந்த அடிமைப் பிள்ளையின்ர கதையை உங்களுக்கு ஏன் சொன்னனான் எண்டு நினைக்கிறீங்கள்? அண்டைக்குத்தான் ரீச்சர் என்னைக் கூப்பிட்டவ. நீங்கள் என்ன சொல்லுவீங்கள் எண்டு பார்த்தனான். கேக்கத்தானே வேணும் எண்டீங்கள்."

"நான் சும்மா..."

"நீங்கள் சும்மா சொல்லேல்லை. நீங்கள் அப்பிடித்தான்."

பார்க் நிலையம் வந்தது. இறங்கினோம். தெருவில் ஸ்னோ கரைந்து உப்பும் சேறுமாக இருந்தது. என் சப்பாத்தின் மேலே வெள்ளைக் கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்று, மாரிக்குளிர் முழுதும் ஏறினவை. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். வீட்டில் இருக்கிற சாதாரணப் பொருள் எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு சில நாள் அவள் என்னோடு அளவாகத்தான் கதைத்தாள். ஓம், இல்லை, சாப்பிட்டாச்சு. கதவு சாத்தியே இருந்தது. நான் வாசலில் கயிற்றை அவிழ்க்காமல், சப்பாத்தைக் காலால் உதறிக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போனேன். சத்தம் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே இருமிக்கொண்டு போனேன்.

ஒரு பின்னேரம் உண்மையாகவே கயிறு இறுகிவிட்டது. குனிந்து இழுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தட்டுகிற சத்தம். நான்கு, மூன்று. பிறகு அது நின்றது.

"அப்பா, நிக்கிறீங்களோ?"

குசினியில் மனைவி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சப்பாத்துக் கழட்டுறன் பிள்ளை" என்றேன்.

"இவ்வளவு நேரமோ?"

"கயிறு இறுகிப் போச்சு."

"உண்மையாவோ?"

"வந்து பாரன்."

அவள் வரவில்லை. "சரி, நிண்டபடியே கேளுங்கோ" என்றாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இங்கிலிஷில் ஒரு வரி வந்தது. மெதுவாக, எனக்குக் கேட்கிற மாதிரி. பிறகும் ஒருதரம்.

"விளங்கிச்சோ?"

"இல்லை."

"நல்லாயிருக்கோ?"

நான் யோசித்தேன். அந்த வரி என் காதுக்குள்ளே நடந்துபோகும்போது ஒரு இடத்தில் கால் தடுக்கியது.

"ரெண்டாவதாய் வாற சொல்லில" என்றேன், "எனக்குக் கொஞ்சம் சந்தேகமாய்க் கிடக்கு."

மீண்டும் கோபம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு பேனையால் அழுத்தி ஒரு கோடு இழுக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கும்தான்" என்றாள்.